கம்பிவழிக் காட்சியும் திருவரங்கச் சேவையும்

வைகுண்ட ஏகாதசி விடியலில் திருவரங்கம் கோயிலின் பரமபத வாசல் வழியாக உற்சவரான நம்பெருமாள் எழுந்தருளும்போது, வாசலருகே நெருக்கியடித்து நிற்பவர்கள் அவரைச் சேவிக்கிறார்கள். அதே நேரத்தில் சென்னையிலும் சிங்கப்பூரிலும் தொலைக்காட்சி முன்னோ கைப்பேசி முன்னோ அமர்ந்தவர்களும் கைகூப்புகிறார்கள். முதல் கூட்டத்தார் காண்பது நம்பெருமாளை. இரண்டாம் கூட்டத்தார் காண்பது யாரை, அல்லது எதை? பெருமாளையா, அவருடைய படத்தையா, வெறும் ஒளிப்புள்ளிகளையா? 2020இல் கொரோனா ஊரடங்கால் தமிழகத்துப் பெரிய கோயில்கள் மார்ச் முதல் பக்தர்களுக்கு மூடப்பட்டு, செப்டம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த மாதங்களில் இது பண்டிதர்களின் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. வீட்டுக் கேள்வியாகவே ஆகிவிட்டது.

விடை தேட இரண்டு துறைகளின் அறிவு வேண்டும். காட்சியைச் சுமந்து செல்லும் செம்புக் கம்பியும் கண்ணாடி இழையும் எதைச் செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்பது ஒன்று. காண்டல் எது, அர்ச்சை (இறைவன் கோயில் திருமேனியாக இருக்கும் நிலை) எது என்று விசிட்டாத்துவைத ஆசாரியர்கள் வகுத்த கோட்பாடு மற்றொன்று.

செம்பும் கண்ணாடியும்

செம்பில் செய்தி மின்னழுத்த மாற்றமாகச் செல்கிறது. கண்ணாடி இழையில் ஒளித் துடிப்பாகச் செல்கிறது. அலுவலகங்களிலும் வீடுகளிலும் புழங்கும் நெட்வொர்க் கேபிளில் எட்டுச் செம்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கும். முறுக்கியிருப்பதால் வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் இணையின் இரு கம்பிகளிலும் ஏறக்குறைய சமமாக விழுகிறது. பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது. கேட் 5இ வகை விநாடிக்கு 1 ஜிகாபிட் அளவை 100 மீட்டர் வரை கொண்டுபோகும். கேட் 6 வகை 10 ஜிகாபிட் அளவை ஏறத்தாழ 55 மீட்டர் வரையும், கேட் 6ஏ வகை அதையே 100 மீட்டர் வரையும் தாங்கும். கேட் 8 வகையில் 25 அல்லது 40 ஜிகாபிட் போகும். ஆனால் தூரம் 30 மீட்டராகச் சுருங்கிவிடும். வேகம் கூடக் கூட அதிர்வெண் கூடுகிறது. அதிர்வெண் கூடினால் செம்பில் இழப்பும் கூடுகிறது, பக்கத்து இணையின் கசிவும் கூடுகிறது. 100 ஜிகாபிட் வேகத்தில் செம்பு சில மீட்டருக்கு மட்டுமே பயன்படும். ஒரே அலமாரியில் இருக்கும் சர்வரையும் ஸ்விட்சையும் இணைக்க அது போதும், விலையும் குறைவு.

கண்ணாடி இழை தூரத்துக்கு உரியது. 1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் இங்கிலாந்தில் ஒரு கணக்கைச் சொன்னார்கள்: கண்ணாடியின் மாசுகளை நீக்கி, 1 கிலோமீட்டர் தாண்டியும் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்சும்படி செய்துவிட்டால், தொலைத்தொடர்புக்கு அது உதவும். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. காவோவுக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய சிங்கிள் மோட் இழையில் 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி ஒளி மிஞ்சும். அதன் நடுவே ஒளி செல்லும் பகுதியின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான். மல்டிமோட் இழையில் அது 50 மைக்ரான். ஒளி பல பாதைகளில் சென்று சற்று முன்பின்னாக வந்து சேர்வதால் 10 ஜிகாபிட் வேகத்தில் 300 அல்லது 400 மீட்டரோடு அது நின்றுவிடும்.

திருவரங்கம் கோயில் வளாகம் ஏழு திருச்சுற்றுகளுடன் 156 ஏக்கர் பரந்தது. அந்தப் பரப்பைச் சதுரமாகக் கொண்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 800 மீட்டர் வரும். இத்தகைய இடத்தில் தேர்வு தானாகவே தெளிவாகிறது. மண்டபத்துக்கு மண்டபம், கோபுரத்துக்குக் கோபுரம் செல்லும் முதுகெலும்பு இணைப்புக்குச் சிங்கிள் மோட் இழைதான் பொருந்தும். தூரம் மட்டும் காரணமல்ல. 1987இல் நிறைவுற்ற ராஜகோபுரம் 236 அடி உயரம். இத்தகைய கட்டடங்களை மின்னல் தாக்கும்போது அருகிலுள்ள செம்புக் கம்பிகளில் மின்னழுத்தம் பாயும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஈரம் கோத்த தீவு மண்ணில் புதைத்த செம்புக் கேபிளுக்கு நீர் புகுந்தால் கேடு அதிகம். ஆனால் கடைசிச் சில பத்து மீட்டரில் செம்புக்கு ஒரு சிறப்பு உண்டு: செய்தி செல்லும் அதே கேபிளில் மின்சாரத்தையும் அனுப்பலாம். இன்றைய தரநிர்ணயப்படி 90 வாட் வரை செலுத்த முடியும் என்பதால், கேமராவுக்குத் தனி மின்கம்பி வேண்டாம். இழையால் இது இயலாது. ஆகவே தேர்ந்த பொறியாளர் இரண்டில் ஒன்றைத் தேர்வதில்லை; எங்கே செம்பை நிறுத்தி எங்கே கண்ணாடியைத் தொடங்குவது என்பதைத்தான் தேர்கிறார்.

ஒரு மயக்கத்தை இங்கே நீக்க வேண்டும். செம்பைவிட இழையில் செய்தி வேகமாக ஓடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டிலும் அது ஏறக்குறைய ஒரே விரைவில், விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் அளவில்தான், செல்கிறது. திருச்சியிலிருந்து சென்னைக்கு இழைவழி ஒளி போய்ச்சேர விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். நேரலையில் பல விநாடித் தாமதம் வருவதற்குக் காரணம் கம்பி அல்ல. படத்தைச் சுருக்குவதும், சேமித்து வைத்து அனுப்புவதும், விரிப்பதும்தான். அதிவேக இணைப்பு என்பதில் வேகம் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு செய்தி புகும் என்ற கொள்ளளவையே குறிக்கிறது.

எது பயணம் செய்கிறது

கேமராவின் முன் நிற்கும் திருமேனியிலிருந்து புறப்பட்ட ஒளி, கேமராவின் உணரியில் முடிந்துவிடுகிறது. அதன்பின் செல்வது எண்களின் வரிசை. அது செம்பில் மின்னழுத்தமாகிறது, ஸ்விட்சில் நினைவகத்தில் தங்குகிறது, இழையில் ஒளியாகிறது, கைப்பேசிக் கோபுரத்தில் வானொலி அலையாகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பழைய துடிப்பு அழிந்து புதிய துடிப்பு பிறக்கிறது.

இந்தியத் தத்துவத்தில் இதற்கு நெருங்கிய ஒரு பழைய விவாதம் உண்டு. முரசில் எழுந்த ஒலி காதுவரை வருவதில்லை என்பது நியாய நூலோர் கொள்கை. முதல் ஒலி அடுத்த ஒலியைப் பிறப்பித்து அழிகிறது. அது இன்னொன்றைப் பிறப்பிக்கிறது. செவிக்குள் பிறக்கும் கடைசி ஒலியைத்தான் நாம் கேட்கிறோம். மீமாம்சகர் இதை மறுத்தார்கள். சொல் நித்தியமானது, வாயிலிருந்து கிளம்பும் காற்று அதை உண்டாக்குவதில்லை, வெளிப்படுத்துகிறது என்றார்கள். கம்பிக்குள் நிகழ்வதைத் துடிப்பின் பக்கமிருந்து பார்த்தால் நியாயமே சரி. துடிப்புகள் பிறந்து பிறந்து அழிகின்றன. செய்தியின் பக்கமிருந்து பார்த்தால் மீமாம்சை சரி போலத் தோன்றும். செம்பு, கண்ணாடி, காற்று என எது மாறினாலும் எண்வரிசை மாறுவதில்லை. மீமாம்சகர் பேசியது வேதச் சொல்லைப் பற்றி என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. ஆயினும் ஒரு முடிவு உறுதி: திருமேனியைத் தொட்ட எதுவும் திரைக்கு வந்து சேர்வதில்லை, அமைப்பு மட்டுமே வந்து சேர்கிறது. அந்த அமைப்பிலும் ஒரு பகுதி கணிப்பால் நிரப்பப்பட்டது. காணொளியைச் சுருக்கும் முறைகள் முந்தைய படத்திலிருந்து அடுத்த படத்தை ஊகித்து, வேறுபட்டதை மட்டும் அனுப்புகின்றன. அசையாத தூணின் படம் ஒவ்வொரு முறையும் முழுதாக வருவதில்லை.

இராமானுசரின் கண்ணாடி

கண் தன் பொருளைச் சென்று சேர்ந்தே அறிகிறது என்பது நியாயத்துக்கும் வேதாந்தத்துக்கும் பொதுவான கொள்கை. ஆன்மாவின் பண்பாக உள்ள அறிவு (தர்மபூத ஞானம்) கண் வழியாக வெளியே சென்று பொருளைப் பற்றுகிறது என்று விசிட்டாத்துவைதம் சொல்கிறது. இன்றைய இயற்பியலில் ஒளி எதிர்த்திசையில் வருகிறது. ஆனால் கேள்வியின் கரு திசையில் இல்லை. காண்பவருக்கும் காணப்படுவதற்கும் இடையே அறுபடாத தொடர்பு இருந்தால்தான் அது பிரத்யட்சம் (நேரடிக் காட்சி) என்பதுதான் கரு.

இக்கொள்கைக்கு எதிரான எடுத்துக்காட்டாக நிலைக்கண்ணாடியைக் காட்டுவார்கள்: கண்ணாடிக்குள் முகம் இல்லை, ஆனாலும் தெரிகிறதே! விசிட்டாத்துவைத ஆசாரியரான இராமானுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு விடை தருகிறார். எல்லா அறிவும் உள்ள பொருளையே பற்றுகிறது என்பது அவர் நிலை. கண்ணின் கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, உண்மையான முகத்தையே சென்று சேர்கிறது. எனவே காணப்படுவது முகம்தான். கண்ணாடியைப் பற்றிய கணத்துக்கும் முகத்தைப் பற்றிய கணத்துக்கும் இடையே உள்ள இடைவெளி, மிகுந்த விரைவால் புலப்படாமல் போகிறது. அதனால்தான் முகம் கண்ணாடிக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது.

விழாக் காலங்களில் நம்பெருமாள் கண்ணாடி அறையில் எழுந்தருளும் திருவரங்கத்தில் இந்த விளக்கம் ஏட்டோடு நிற்பதில்லை. கண்ணாடியில் தெரியும் பெருமாளைச் சேவிப்பவர் பெருமாளையே சேவிக்கிறார் என்று இதன்படி சொல்லலாம். நீர் பட்டால் கெடும் ஓவியத் திருமேனிகளுக்குக் கண்ணாடியில் விழும் உருவத்துக்குத் திருமஞ்சனம் செய்யும் முறையும் ஆகம வழக்கில் உண்டு.

திரை இத்தகைய கண்ணாடியா? இல்லை என்பதே நேரான விடை. கண்ணாடியின் முன்னிருந்து முகம் விலகினால் உருவமும் அக்கணமே விலகும். நேரலையிலோ, பெருமாள் மண்டபத்துக்குள் எழுந்தருளிய பிறகும் சில விநாடிகள் அவர் வெளியே நிற்பதாகவே திரை காட்டும். பதிவு செய்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் காட்டும். பொருள் விலகிய பின்னும் தொடரும் காட்சி பொருளோடு தொடர்புடைய காட்சியாகாது. கண்ணாடி இழையே வேறு விதமாகவும் பயன்பட்டதுண்டு. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1954இல் லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, நுண்ணிய இழைகளின் கற்றை வழியே ஓர் உருவத்தை அனுப்பிக் காட்டினார். அதில் ஒவ்வோர் இழையும் உருவத்தின் ஒரு புள்ளியிலிருந்து வந்த ஒளியையே கண்ணுக்குக் கொண்டுவந்தது. எண்ணாக மாற்றவில்லை, சேமிக்கவில்லை. இராமானுசரின் அளவுகோலில் அந்தக் கற்றை கண்ணாடியின் பக்கம் சேரும். இன்றைய நெட்வொர்க் இழை சேராது. இரண்டும் ஒரே பொருளால் ஆனவை என்பதால் காட்சியின் தன்மையைப் பொருள் தீர்மானிப்பதில்லை, தொடர்பின் அறாமையே தீர்மானிக்கிறது என்பது புலனாகிறது.

அப்படியென்றால் திரைக்காட்சி பொய்யா? அதுவும் இல்லை. திரையின் ஒளியமைப்பு உள்ள பொருளே. அதைக் காண்பது பிரத்யட்சம். அதிலிருந்து "இப்போது திருவரங்கத்தில் நம்பெருமாள் எழுந்தருளியிருக்கிறார்" என்று அறிவது அனுமானமும் நம்பத்தக்கவர் சொல்லும் சேர்ந்த அறிவு. பிரத்யட்சம் அல்லாததால் அது தாழ்ந்ததாகிவிடாது. பரம்பொருளைச் சாத்திரச் சொல்லாலேயே அறிய முடியும், கண்ணாலோ ஊகத்தாலோ முடியாது என்று வாதிட்டவர் இராமானுசரே. ஆழ்வார்களின் பாசுரங்களும் நமக்குக் கேட்டு வந்த அறிவுதான்.

உருவமும் ஒப்பும்

காட்சி எப்படி வந்தது என்பதோடு, வந்தது எது என்பதையும் பார்க்க வேண்டும். பாஞ்சராத்திர மரபில் இறைவனுக்கு ஐந்து நிலைகள்: பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை. திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் இவற்றைத் தண்ணீரோடு ஒப்பிட்டு விளக்குகிறார். தாகம் கொண்டவனுக்கு அண்டத்துக்கு அப்பாலுள்ள நீரோ பாற்கடலோ எட்டாது; பூமிக்குள் இருக்கும் நீர் தோண்டினால்தான் கிடைக்கும்; பெருக்கெடுத்த ஆறு வற்றிவிடும்; ஆற்றில் தேங்கிய மடுவே கைக்கு எட்டும். அர்ச்சை அந்த மடு. எளிமையே அதன் சிறப்பு.

இந்த அளவில், இன்னும் எளிதாகக் கைக்கெட்டும் கைப்பேசித் திரை அர்ச்சையின் தொடர்ச்சி என்று வாதிடத் தோன்றும். அர்ச்சைக்குக் கோயில் மரபு வைக்கும் இலக்கணம் அதை ஏற்பதில்லை. உருவ ஒப்பு அர்ச்சையை உண்டாக்காது; பிரதிஷ்டையும் இறைவனின் இசைவுமே உண்டாக்கும். 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, முதிய வயதில் லோகாசாரியர் உற்சவரைக் காக்க எடுத்துக்கொண்டு தெற்கே போய், மதுரைக்கு அருகிலுள்ள சோதிஷ்குடியில் காலமானார். பல ஊர்கள் சுற்றி 1371இல் அந்தத் திருமேனி திரும்பி வந்தபோது, இடைக்காலத்தில் எழுந்தருளச் செய்யப்பட்டிருந்த வேறோர் உற்சவர் கோயிலில் இருந்தார். எவர் பழையவர் என்ற ஐயம் எழுந்தது. பார்வை இழந்த முதிய சலவைத் தொழிலாளி ஒருவர், திருமஞ்சன ஆடை பிழிந்த நீரை அருந்திப் பார்த்து உண்மையானவரை அடையாளம் சொன்னார் என்பது கோயில் மரபு. மற்றவர் திருவரங்க மாளிகையார் என்ற பெயரில் இன்றும் கோயிலில் இருக்கிறார். தோற்றம் ஒத்திருந்த இருவரிடையே கண் தீர்க்க முடியாததைத் திருமேனியைத் தொட்ட நீர் தீர்த்தது. படத்தால் ஒப்பை மட்டுமே தர முடியும். இந்த மரபு அடையாளத்தை ஒப்பில் வைக்கவில்லை.

யார் யாரைக் காண்கிறார்

சேவை என்பது ஒருவழிப் பார்வை அல்ல. பக்தர் பெருமாளைக் காண்பதோடு, பெருமாளின் கடாட்சம் தம்மேல் விழ வேண்டும் என்றே நிற்கிறார். தீர்த்தம், திருத்துழாய், சடாரி, பிரசாதம் எல்லாம் உடலைத் தொடும் தொடர்புகள். இவற்றில் எதையும் கம்பி சுமக்காது.

ஆனால் இந்த இரு வழிகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. இறைவன் அந்தர்யாமி, அவன் அறிவுக்குத் தடையோ தொலைவோ இல்லை. சிங்கப்பூரில் கைகூப்புபவரைக் காண அவனுக்கு இழையும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். குறை பக்தரின் பக்கத்துப் பார்வையில்தான். ஆகவே கம்பி துணை செய்வது இரண்டு வழிகளில் ஒன்றுக்கு மட்டுமே. மற்ற வழி கோயிலுக்குள் நிற்பவருக்கும் வெளியூரில் இருப்பவருக்கும் ஒன்றுபோலவே திறந்திருக்கிறது. திரைமுன் கைகூப்புவது வீண் என்று சொல்ல முடியாததற்கும் இதுவே காரணம்.

தொலைவும் தகுதியும்

உற்சவர் வீதிக்கு எழுந்தருளும் வழக்கத்திலேயே தொலைவின் சிக்கலுக்கு ஒரு பழைய விடை உள்ளது. கருவறைக்கு வர இயலாதவர் இருக்கும் இடத்துக்குப் பெருமாள் வருகிறார். பங்குனி விழாவில் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் கமலவல்லி நாச்சியார் கோயிலுக்கே எழுந்தருளுகிறார். நேரலைகளில் காட்டுவதும் வெளியே எழுந்தருளும் உற்சவரைத்தான். மூலவரான பெரிய பெருமாளைப் படமெடுக்க இடமில்லை. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டது. வெளிவருவதையும் வெளிவராததையும் பிரிக்கும் கோடு இவ்வாறு இன்றும் காக்கப்படுகிறது.

இயலாமையைப் பற்றி வைணவத்தின் இரு பிரிவுகளான தென்கலையும் வடகலையும் ஒரு புள்ளியில் ஒன்றுபடுகின்றன. அருள் பெற உயிரின் பக்கம் ஏதேனும் ஒரு வியாஜம் (சாக்கு) வேண்டும் என்றார் வடகலையின் வேதாந்த தேசிகர். உயிரின் செயல் எதுவும் உபாயமாகாது என்றார் தென்கலையின் லோகாசாரியர். ஆனால் வேறு கதியில்லாமை சரணாகதிக்குத் தடையல்ல, அதுவே தகுதி என்பதை இருவரும் ஏற்றனர். படுக்கையில் இருப்பவரும் கடல்கடந்து வேலை செய்பவரும் திரையில் காண்பதை இந்த இடத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும். நடந்து வரக்கூடியவருக்கு அந்த வாதம் பொருந்தாது.

எதிர்ப்பக்க எச்சரிக்கையும் இந்த ஊர் மரபிலேயே உள்ளது. சாதியின் பெயரால் திருவரங்கத்துக்குள் அனுமதிக்கப்படாத திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்று பாடினார் என்பது வரலாற்று மரபு. தொலைவிலிருந்தே பாடியது போதும் என்று அக்கதை முடிவதில்லை. லோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுவர வேண்டும் என்று அரங்கனே ஆணையிட்டான். தானாக அமைந்த தொலைவு வேறு, பிறர் சுமத்திய தொலைவு வேறு. "வீட்டிலிருந்தே பார்க்கலாமே" என்ற சொல், உள்ளே வரும் உரிமையை மறுக்கும் சாக்காக ஆனால், எவ்வளவு தெளிவான நேரலையும் அந்தக் குறையை ஈடுசெய்யாது.

தெளிவின் இரு ஊற்றுகள்

கண்ணின் தொடர்பு இல்லாத இன்னொரு காட்சியையும் இராமானுசர் பேசியிருக்கிறார். பக்தி என்பது இடையறாத நினைவு. அன்பு முதிர முதிர அந்த நினைவு நேரில் காண்பதற்கு நிகரான தெளிவை அடைகிறது என்பது ஸ்ரீபாஷ்யத்தின் கருத்து. திரையிலும் நேரில் காண்பது போன்ற தெளிவு கிடைக்கிறது. ஆனால் அதன் ஊற்று வேறு. திரையின் தெளிவு கொள்ளளவால் வருகிறது: அதிகச் செய்தி விரைந்து வருவதால் இடைவெளி புலப்படாமல் போகிறது. நினைவின் தெளிவு அன்பால் வருகிறது. அங்கே இடைவெளி மறைக்கப்படுவதில்லை, அன்பு அதைத் தாண்டுகிறது. இணைப்பு அறுந்தால் முதலாவது நின்றுவிடும், இரண்டாவது நிற்காது. இரண்டுக்கும் பகையும் இல்லை. திரையில் கண்டது நினைவுக்கு வித்தானால் அது பக்திக்கு உதவிய கருவி. கண்டதும் விரல் அடுத்த காணொளிக்கு நகர்ந்தால் அது வெறும் தகவல்.

ஆகவே செம்பா கண்ணாடியா என்பது தொலைவு, கொள்ளளவு, மின்வழங்கல், மின்னல் ஆகியவற்றைப் பார்த்துப் பொறியாளர் தீர்க்க வேண்டிய கேள்வி. அவர் எதைத் தேர்ந்தாலும் திரைக்காட்சி பிரத்யட்சம் ஆகிவிடாது. அது மெய்யான அறிவு. அர்ச்சையின் இடத்தை அது பிடிப்பதில்லை. வர இயலாதவருக்கு அதில் குற்றமில்லை. வரக்கூடியவருக்கு அது சேவைக்கு மாற்றாவதில்லை.